குழாய்கள் வறண்ட ஆண்டு

நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கில் அமைந்துள்ள சிங்கப்பூரில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை அத்தீவில் பொழிகின்றது. இராமநாதபுரத்துச் சீமையில் வானத்தை அண்ணாந்து பார்த்தே பாதி வாழ்நாளைக் கழித்துவிட்டுக் கப்பலேறி வந்த தமிழர்க்கு, இடியும் மின்னலுமாய்க் கொட்டும் இந்த மழை பெருவியப்பாகவே இருந்திருக்கும். ஆயினும் இதே தீவில், 1963-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் தொடங்கி 1964 பிப்ரவரி 28 வரை, பத்து மாதக் காலம் குழாய்நீர் பங்கிட்டே வழங்கப்பட்டது. வாளியும் தகரமும் பீப்பாயும் வீட்டின் முதற்பெரும் செல்வங்களாக மதிக்கப்பட்ட காலம் அது.

மழை வேறு, நீர் வேறு. வானம் தருவது மழை. அதைப் பிடித்து நிறுத்திக் காப்பாற்றினால்தான் அது நீர். சிங்கப்பூரின் ஆறுகள் மிகக் குறுகியவை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் அருகிலேயே உள்ளது. பெய்த மழை சில மணி நேரத்திற்குள் கடலில் கலந்துவிடும். வறண்ட சீமையில் பிறந்தவன் கார்மேகத்தைக் கண்டதும் கண்மாய்க் கரையைப் பார்க்க ஓடுவான்; ஈர நாட்டில் வாழ்பவன் குடையைத் தேடுவான். நீரைச் சேர்த்து வைக்கும் கவலை ஈர நாட்டாருக்குப் பிந்தியே வருகின்றது. சிங்கப்பூரின் நீர் வரலாறு முழுவதும் இந்தப் பிந்திய கவலையின் வரலாறு என்றே சொல்லலாம்.

குடியேற்றத்தின் தொடக்க நாள்களில் கிணறுகளும் சிற்றோடைகளுமே மக்களுக்கு நீர் தந்தன. இன்று சீனர் நகரம் எனப்படும் பகுதிக்கு மலாய் மொழியில் கிரேத்தா ஆயர் என்று பெயர். நீர் வண்டி என்பது அதன் பொருள். கிணற்று நீரை மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்து வழங்கியதால் வந்த பெயர் அது. தோபி காட் என்னும் இடமோ, அங்கு ஓடிய நன்னீர் ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்ததை இன்றும் நினைவூட்டிக் கொண்டிருக்கின்றது. ஓடையும் வண்டியும் மறைந்தன. பெயர்கள் மட்டும் எஞ்சின.

1857-இல் தான் கிம் செங் என்னும் சீன வணிகர் நகருக்கு நல்ல நீர் கொண்டுவர 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை. அத்தொகை பயன் தராத வேலைகளில் கரைந்து போயிற்று. பின்னர் ஒருவாறு அணை கட்டப்பட்டது. இன்று மெக்ரிட்சி நீர்த்தேக்கம் என வழங்கும் அந்த முதல் தேக்கம் 1868-இல் உருவாயிற்று. ஆயினும் நீரை நகருக்கு ஏற்றி அனுப்பும் இயந்திரங்களும் குழாய்களும் முழுமை பெற மேலும் பல ஆண்டுகள் ஆயின. அணையில் நீர் நிற்கின்றது, நகரத்தில் மக்கள் வண்டிக்காரனிடம் காசு கொடுத்து வாங்குகின்றார்கள்! நன்கொடையாளர் 1864-இல் மறைந்தார். தம் பணத்தில் ஒரு குடம் நீரையும் அவர் கண்டதில்லை. 1882-இல் அவர் நினைவாக நகராண்மைக் கழகம் ஓர் அழகிய நீரூற்றை எழுப்பியது. இப்பொழுது எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கும் அந்த நீரூற்றைப் படம் எடுப்போர் பலர். கதை அறிந்தோர் சிலர்.

1910-இல் இன்றைய பியர்ஸ் நீர்த்தேக்கமும், 1920-இல் சிலேத்தார் நீர்த்தேக்கமும் வந்தன. மக்கள்தொகையோ தேக்கங்களைவிட விரைவாக வளர்ந்தது. தீவுக்குள் தேடியது போதாதென்று கண்ட நகராண்மைக் கழகம் 1927-இல் ஜொகூர் சுல்தானோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. குனோங் பூலாய் மலையடிவாரத்தில் தேக்கிய நீர் 1932 முதல் கடற்பாலத்தின்மேல் கிடத்திய குழாய் வழியே சிங்கப்பூரை வந்தடைந்தது. அன்று அது சிறந்த ஏற்பாடு. அதே ஏற்பாடு எவ்வளவு மெலிந்த கழுத்து என்பதைப் பத்தே ஆண்டுகளில் போர் காட்டியது.

1942 ஜனவரி 31-ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜப்பானியரைத் தடுப்பதற்காகக் கடற்பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்த்தது. பாலத்தோடு நீர்க்குழாயும் அறுந்தது. அகதிகள் வந்து குவிந்து மக்கள்தொகை பத்து இலட்சத்தைத் தொட்டிருந்த நேரம். இரண்டு வாரங்களுக்குள் தீவின் நடுவிலுள்ள நீர்த்தேக்கங்களும் ஜப்பானியர் கைக்கு மாறின. குண்டுவீச்சால் நகரத்துக் குழாய்கள் ஆங்காங்கே வெடித்து, வந்த நீரிலும் பெரும்பகுதி தெருவில் ஓடி வீணாயிற்று. குடிமக்கள் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றிருந்த பிரிகேடியர் சிம்சன், நீர் இன்னும் ஒரு நாளைக்குமேல் தாங்காது எனத் தளபதி பெர்சிவலிடம் அறிவித்தார். பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. அதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் வறண்ட குழாயும் ஒன்று. வானம் பொய்த்ததனால் மட்டும் நீர்ப்பஞ்சம் வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

போருக்குப் பின் தெப்ராவ் ஆற்று நீரும் ஜொகூரிலிருந்து வந்தது. எனினும் பெருகிவந்த தேவையை எட்டிப் பிடிக்க முடியவில்லை. 1961-இன் பிற்பகுதியில் மழை குறைந்தபோதே பங்கீடு ஒருமுறை நடைமுறைக்கு வந்தது. அதே 1961-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் தெப்ராவ், ஸ்கூடாய் ஆறுகளைப் பற்றிய உடன்பாடும், 1962 செப்டம்பர் 29-ஆம் நாள் ஜொகூர் ஆற்றைப் பற்றிய உடன்பாடும் கையெழுத்தாயின. பின்னதன்படி நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளும் உரிமை 2061 வரைக்கும் சிங்கப்பூருக்கு உண்டு. ஆயிரம் கேலனுக்கு மூன்று காசு என்பது விலை. உரிமை தாளில் வந்துவிட்டது. ஆற்றில் நீரேற்று நிலையமும் அங்கிருந்து நீண்ட குழாயும் இன்னும் வரவில்லை. கையெழுத்துக்கும் குழாய்க்கும் இடையிலான அந்த இடைவெளியில்தான் 1963-இன் வறட்சி புகுந்தது.

பங்கீடு தொடங்கி எட்டே நாள்கள் ஆகியிருந்தபோது, 1963 மே 1-ஆம் நாள், பொதுப் பயனீட்டுக் கழகம் பிறந்தது. நீர், மின்சாரம், எரிவாயு மூன்றையும் ஒருங்கே நிருவகிக்க அமைந்த அக்கழகம், வறண்ட நீர்த்தேக்கத்தையும் அடைத்து வைத்த குழாய்களையும் தன் முதற் சீராகப் பெற்றது. தீவு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, குறித்த நாளில் குறித்த நேரத்திற்கு ஒவ்வொரு வட்டாரத்திலும் நீர் நிறுத்தப்பட்டது. வீட்டுக் குழாய் இல்லாத கம்பத்து மக்கள் பொதுக் குழாயடியில் வாளிகளை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தனர். ஆள் வரிசையில் நில்லாவிடினும் வாளி வரிசையில் நிற்கும். அது அக்கால மரபு.

அதே ஆண்டில், தென்சீனக் கடலின் மறுகரையில், மற்றொரு துறைமுக நகரம் இதைவிடக் கொடிய நிலைக்கு ஆளாயிற்று. அது ஹாங்காங். இரண்டும் பிரிட்டிஷார் வளர்த்த வணிகத் தீவுகள். இரண்டிலும் இடம் குறைவு, ஆள் மிகுதி, பேராறு இல்லை. வழக்கமாக ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்குமேல் மழை பெறும் ஹாங்காங்கில் 1963-இல் பெய்தது 901 மில்லிமீட்டர் மட்டுமே. மழைக் கணக்கு எழுதத் தொடங்கிய 1884 முதல் அதைவிடக் குறைந்த ஆண்டு இல்லை. மே மாதத் தொடக்கத்தில் நாளுக்கு மூன்று மணி நேரம் என்றார்கள். மாத நடுவில் இரு நாளைக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் என்றார்கள். ஜூன் முதல் நாளிலிருந்து நான்கு நாள்களுக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் என்றாயிற்று. மூன்றரை மில்லியன் மக்கள் ஏறத்தாழ ஓராண்டு இவ்வாறு வாழ்ந்தார்கள்.

நான்கு மணி நேரத்தில் நான்கு நாளுக்கு நீர் பிடிக்க வேண்டும். மாடிக் கட்டடங்களில் கீழ்வீட்டார் குழாயைத் திறந்தால் மேல்வீட்டுக் குழாயில் காற்றுத்தான் வரும். ஆகவே கீழே குழாயை மூடச் சொல்லி மேலிருந்து கூவும் குரல் அந்நகரின் தெருக்களில் ஓயாது ஒலித்தது. அக்கூவல் பின்னர் ஒரு சொற்றொடராகவே நிலைத்து, முதியவர் வாயில் இன்றும் வழங்குகின்றது. அரசோ எண்ணெய்க் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி, சீனாவின் முத்தாற்றுக்கு அனுப்பி நீர் ஏற்றி வந்தது. சூழவும் கடல் இருக்க, கப்பலில் நீர் இறக்குமதி! 1964 மே மாத இறுதியில் வயோலா என்னும் புயல் வந்து கொட்டித் தீர்த்த பிறகே கட்டுப்பாடு நீங்கியது. புயலை வரவேற்ற நகரங்கள் உலகில் அதிகம் இரா.

சிங்கப்பூரின் பங்கீடு மணிக்கணக்கில் நிற்க, ஹாங்காங்கின் பங்கீடு நாள்கணக்கிற்குப் போனது ஏன்? மழை மேலும் குறைந்தது ஒரு காரணம். சிங்கப்பூருக்கு அண்டை நிலத்திலிருந்து ஓயாமல் நீர் தரும் ஒரு குழாய் முன்பே இருந்தது மற்றொரு காரணம். சீனாவின் ஷென்ஜென் நீர்த்தேக்கத்திலிருந்து ஆண்டுக்கு 500 கோடி கேலன் பெற ஹாங்காங் 1960-இலேயே உடன்பட்டிருந்தது. அந்தப் பெரு நகருக்கு அந்த அளவு எம்மூலைக்கும் போதவில்லை.

இங்கே நீர்ப் பொறியாளரின் கணக்கு ஒன்றைக் காண்பது பொருத்தம். வகுப்பில் மாணவர்க்குச் சொல்லத் தக்க எளிய கணக்கு அது. ஒரு தேக்கத்தில் நூறு நாளைக்குப் போதிய நீர் இருக்கின்றது. புது வரத்து இல்லை. இன்றே செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் அந்த நீர் 125 நாள் வரும். ஆதாயம் 25 நாள். மழை வரட்டும் என்று காத்திருந்து, 40 நாள் நீர் எஞ்சிய பிறகு அதே குறைப்பைச் செய்தால் 50 நாள்தான் வரும். ஆதாயம் பத்தே நாள். ஆகவே முன்கூட்டிக் குறைப்பதே அறிவு. ஆனால் முன்கூட்டிக் குறைத்த மறுவாரமே பெருமழை பெய்துவிட்டால்? தேவையில்லாமல் மக்களை வதைத்தார்கள் என்று ஊர் ஏசும். பிந்திக் குறைத்து, மழையும் வராவிட்டால்? இவ்வளவு நாளும் தூங்கினார்களா என்று அதே ஊர் ஏசும். இரண்டு பழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய இருக்கை நீர் அதிகாரியின் இருக்கை. நீர்மட்டம் இந்தக் கோட்டுக்கு இறங்கினால் இதைச் செய்வது என்று மழைக்காலத்திலேயே எழுதி வைப்பது இதனால்தான். வறட்சி வந்தபின் தனி மனிதனின் துணிவை நம்புவதைவிட, முன்பே எழுதிய கோட்டை நம்புவது மேல்.

குழாயை அடைப்பது எண்ணுகின்ற அளவுக்கு நீரை மிச்சப்படுத்துவதும் இல்லை. நீர் நிற்கப் போகின்றது என்று தெரிந்தால் ஒவ்வொரு வீட்டாரும் இருக்கின்ற பாத்திரம் அனைத்தையும் நிரப்புவர். புது நீர் வந்ததும் பழையதைக் கீழே கொட்டிவிட்டு மீண்டும் நிரப்புவர். திறந்து வைத்த குழாயை மூட மறந்து வெளியே போய்விடுவோரும் உண்டு. குழாய்க்குள் நீர் நிறைந்து அழுத்தத்தோடு ஓடும்வரை வெளி அழுக்கு உள்ளே புகாது. நீர் வடிந்து அழுத்தம் குன்றியதும், மண்ணுக்கடியிலுள்ள சிறு விரிசல்கள் வழியே சாக்கடை நீர் உள்ளே கசியும். வறட்சியின் பின்னே வயிற்றுநோய் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். மருத்துவமனைக்கும் தீயணைப்புக்கும் நீர் நிற்கவே கூடாது. ஆனால் அவற்றுக்குச் செல்லும் குழாய் பெரும்பாலும் சுற்றியுள்ள வீடுகளுக்குச் செல்வதும் ஆகும். எந்த வால்வை மூடினால் எந்தத் தெரு வறளும் என்னும் வரைபடம் கையில் இல்லாத நகரத்தில், பங்கீட்டு அட்டவணை வெறும் காகிதமே. கசிவைக் கண்டுபிடித்து அடைப்பதும், அழுத்தத்தைச் சற்றுத் தாழ்த்துவதும், வட்டாரங்களின் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து வைப்பதும் பெயர் பெறாத வேலைகள். திறப்பு விழாவும் கல்வெட்டும் அவற்றுக்குக் கிடையா. பஞ்ச காலத்தில் நகரத்தைக் காப்பவை அவைதாம்.

பங்கீட்டில் ஒரு நன்மையையும் மறுப்பதற்கில்லை. மாளிகைக்காரன் குழாயும் கூலிக்காரன் குழாயும் ஒரே மணிக்கு நின்றன. ஆயினும் மாளிகைக்காரன் கூரையில் பெருந்தொட்டி இருந்தது. கூலிக்காரன் வீட்டில் மண்ணெண்ணெய்த் தகரம் இருந்தது. அந்த அளவில் சமம் என்பதும் ஒரு பேச்சே.

1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடானபோது, 1961, 1962 நீர் உடன்பாடுகளை மதித்து நடப்பதாகப் பிரிவினை உடன்பாட்டிலேயே உறுதி எழுதப்பட்டது. ஒரு புதிய நாட்டின் பிறப்புச் சான்றில் குழாய்நீர் இடம்பெற்றது! அதன் பொருளைப் புதிய அரசு நன்கு உணர்ந்திருந்தது. 1968-இல் ஜொகூர் ஆற்று நீர் நிலையம் வந்தது. 1969-இல் சிலேத்தார் நீர்த்தேக்கம் பன்மடங்கு விரிவாக்கப்பட்டது. 1971-இல் மீண்டும் வறட்சி தலைகாட்டியபோது, குழாயை அடைப்பதற்கு முன்பாக மக்களிடம் பேசினார்கள். நீரைச் சிக்கனமாகச் செலவிடுமாறு வேண்டும் இயக்கம் அந்த ஆண்டில் தொடங்கியது. நீர்த் திட்டத்திற்கெனவே பிரதமர் அலுவலகத்தில் ஒரு பிரிவும் அமைந்தது. 1972-இல் முதல் நீர்ப் பெருந்திட்டம் உருவாயிற்று. வறட்சிக்கு வறட்சி ஓடிக்கொண்டிருந்த நகரம், வறட்சிக்கு முன்னால் உட்கார்ந்து எழுதத் தொடங்கியது அப்போதுதான்.

அதன் பின் நடந்தவை விரைவில் சொல்லத் தக்கவை. கிராஞ்சி, பாண்டான் முதலிய ஆறுகளின் முகத்துவாரங்களை அணையிட்டு நன்னீர்த் தேக்கமாக்கினார்கள். 1986-இல் அமைந்த பிடோக் தேக்கம் குடியிருப்புப் பேட்டைகளில் பெய்யும் மழைநீரையே சேர்க்கின்றது. நகரத்தின் நடுவிலேயே 2008-இல் மரினா அணைக்கட்டு எழுந்தது. ஹாங்காங்கும் வாளாவிருக்கவில்லை. கழிப்பறைக்குக் கடல்நீரைத் தனிக்குழாயில் வழங்கும் முறையை 1950-களின் இறுதியிலிருந்தே அது வளர்த்து வந்தது. கடலின் ஒரு குடாவையே அணையிட்டு, உப்புநீரை இறைத்துவிட்டு, 1968-இல் பிளோவர் கோவ் நீர்த்தேக்கத்தை முடித்தது. சீனாவின் கிழக்காற்று நீரும் 1964-இல் செய்த உடன்பாட்டின்படி 1965 மார்ச் முதல் வந்தது. அண்டை நிலத்து நீரை நம்புவதில் இரு நகரங்களும் ஒன்றே. ஆனால் ஒன்று அந்த நம்பிக்கையை ஆண்டுதோறும் பெருக்கிக்கொண்டது. மற்றொன்று அதைக் குறைத்துக்கொள்ளவே முயன்றது. எது சரி என்று எளிதில் தீர்ப்புக் கூற இயலாது. 1997-இல் ஹாங்காங் சீனாவோடு இணைந்தது. சிங்கப்பூருக்கு அத்தகைய இணைப்பு 1965-இலேயே அறுந்துவிட்டது.

தோல்விகளையும் சொல்லத்தான் வேண்டும். ஹாங்காங் 1975-இல் லோக் ஆன் பாய் என்னுமிடத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலையைத் திறந்தது. எண்ணெய் விலை ஏறிய காலம். ஆலையை ஓட்டக் கட்டுப்படியாகவில்லை. 1982-இல் அதை நிறுத்திவிட்டார்கள். சிங்கப்பூரும் 1974-இல் கழிவுநீரைத் தூய்மை செய்து பார்க்கும் சோதனை நிலையம் ஒன்றை அமைத்து, செலவும் சீர்கேடும் தாங்காமல் ஈராண்டுக்குள் மூடிற்று. அந்த முயற்சி பயனற்றது என்று எவரேனும் அன்று எழுதியிருந்தால் அது நியாயமாகவே பட்டிருக்கும். ஆனால் கோப்பு தூக்கி எறியப்படவில்லை. வடிகட்டும் மென்தாள்களின் விலை குறைந்து தரம் உயர்ந்ததும் அதே எண்ணம் மீண்டும் எழுந்து, 2003-இல் நியூவாட்டர் என்னும் பெயரோடு மக்களிடம் வந்தது. 2005-இல் துவாசில் கடல்நீர் ஆலையும் இயங்கத் தொடங்கியது.

1961-ஆம் ஆண்டு உடன்பாட்டின் ஐம்பதாண்டுக் காலம் 2011 ஆகஸ்ட் 31-ஆம் நாள் முடிவுற்றது. 1932 முதல் சிங்கப்பூருக்கு நீர் தந்த குனோங் பூலாய் நிலையமும் அன்று ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டது. எவரும் பதறவில்லை. 2014-இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் தொடர்ந்து வறண்ட வானம் இருந்தபோதும் குழாய்கள் நிற்கவில்லை. எனினும் 2016 அக்டோபரில், ஜொகூர் ஆற்றுக்குத் துணையாக அமைந்த லிங்யு அணையில் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு நீரே எஞ்சியது. செய்தி படித்த முதியவர்கள் 1963-ஐ நினைத்துக்கொண்டார்கள்.

அண்மை ஆண்டுகளில் சிங்கப்பூர்ப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு பயிற்சி நடந்து வருகின்றது. குறித்த நாளில் சில மணி நேரம் பள்ளியின் குழாய்களை மூடிவிடுவார்கள். மாணவர்கள் வாளியோடு வரிசையில் நின்று நீர் பிடித்து, கழிப்பறைக்குச் சுமந்து செல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. பாட்டன்மார் காலத்தில் பத்து மாதம் இதுவே வாழ்க்கையாக இருந்தது என்று கேட்டால், வாளியைக் கீழே வைத்துவிட்டு நம்ப முடியாமல் பார்க்கின்றார்கள்.